மூன்று மாதத்தில் ஓடிப்போகும் பையன்களும் ஒரு முதுகலைப் படிப்பும்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்:

“அக்கா, எனக்கு 31 வயது. ஊருக்கு வெளியே இருபது நிமிடத் தூரத்தில் இருக்கும் செம்பனை எண்ணெய் ஆலையில் எட்டு வருடமாகக் கிராணி (எழுத்தர்). வணிக நிர்வாகத்தில் டிகிரி முடித்துவிட்டுத்தான் வந்தேன். வருகைப் பதிவு, சம்பளம், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி), வெளிநாட்டு ஆட்களின் பெர்மிட் எல்லாம் என் மேசைதான். போன வருடம் என் பெயருக்குக் கீழே ‘எச்ஆர் எக்ஸெகியூட்டிவ்’ என்று கார்டு அடித்துக் கொடுத்தார்கள். சம்பளத்தில் இருநூறு வெள்ளி (ரிங்கிட்) கூடியது, வேலை இரண்டு மடங்கு கூடியது. இங்கே உள்ளூர்ப் பையன்கள் சேர்ந்த மூன்று மாதத்தில் போய்விடுகிறார்கள். ஏன் என்று பார்க்கச் சொன்னார் மேனேஜர். போனவர்களுக்கு போன் போட்டுக் கேட்டு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். ‘இந்தக் காலத்துப் பசங்க சோம்பேறி, வேற ஒண்ணும் இல்ல’ என்று மூடி வைத்துவிட்டார். எனக்கு மனிதவள மேலாண்மையில் மாஸ்டர்ஸ் படிக்க ஆசை. அப்பா பால்மரம் வெட்டி எங்களைப் படிக்க வைத்தவர். ‘இப்ப செய்யிற வேலையத்தானே படிக்கப் போற, அதுக்கு எதுக்குக் காசு?’ என்கிறார். உண்மையில் அங்கே என்னதான் சொல்லித்தருகிறார்கள்?”

தங்கச்சி, அப்பா சொல்வதில் பாதி சரி. அது எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ளாமல் பதிவுக் கட்டணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான். இருபது வருடத்துக்கு மேல் தொழிற்சாலைகளில் ஆள் விவகாரம் பார்த்துவிட்டேன், மாஸ்டர்ஸ் படித்தது 34 வயதில், சனி ஞாயிறு வகுப்பில், வீட்டில் சமையலைத் தம்பி மனைவி தலையில் கட்டிவிட்டு. முதல் நாள் ஒரு கோப்பு நிறைய ஃபாரங்களை எடுத்துக்கொண்டு போனேன். லீவு ஃபாரம், எச்சரிக்கைக் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாம். என்னிடம் இருப்பது சரியா என்று விரிவுரையாளரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. படிப்பு முடியும் வரை அந்தக் கோப்பைத் திறக்கும்படி ஒருவரும் சொல்லவில்லை. இபிஎஃப்-க்கு உள்ளூர்த் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, சம்பளம் 5,000 வெள்ளி வரை இருந்தால் முதலாளி பங்கு 13, அதைத் தாண்டினால் 12 என்பதெல்லாம் உங்களுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அதைச் சொல்லித்தர எந்தப் பல்கலைக்கழகமும் மாஸ்டர்ஸ் நடத்துவதில்லை. அப்பா சரியாகச் சொன்ன பாதி இதுதான். சம்பளக் கணக்கும் சட்டப்படி எழுதும் கடிதங்களும்தான் உங்களுக்கு வேண்டும் என்றால் இரண்டு மூன்று நாள் குறுகிய பயிற்சிகள் நிறைய இருக்கின்றன. உள்ளூர் ஆட்கள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் ஆலைகள் மனிதவள மேம்பாட்டு நிதிக்குச் சம்பளத்தில் 1 விழுக்காடு கட்டுகின்றன, அந்தக் காசிலேயே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் கைக்காசு போக வேண்டாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்த இடம் அந்தப் பட்டியல்தான். நீங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதிக் கொடுத்தீர்கள், மேனேஜர் ஒரே வரியில் அதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார், உங்களுக்குத் திருப்பிச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்தப் படிப்பு சொல்லித்தருவது, அந்த ஒரு வரிக்கு என்ன பதில் சொல்வது என்பதைத்தான். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான். அதனால் பாடத்திட்டத்தை வரிசையாக ஒப்பிக்காமல், உங்கள் ஓடிப்போன பையன்களையே ஒவ்வொரு வகுப்புக்கும் கூட்டிப்போகிறேன்.

முதல் பருவத்தில் மேலாண்மையின் வரலாறு கொஞ்சம் வரும். பலருக்கு அது தூக்கம். எனக்கு அப்படி இல்லை, ஏனென்றால் அதில் எங்கள் லயம், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடு, தெரிந்தது. மனிதவளம் என்ற பேர்தான் புதிது. ஆள் பிடிப்பது, கப்பலேற்றிக் கூட்டிவருவது, முன்பணம் கொடுப்பது, பெரட்டில் (காலை ஆள் வரிசையில்) நிறுத்திப் பேர் கூப்பிடுவது, சண்டை வந்தால் தீர்ப்பது என்று எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்த்த காலம் ஒன்று இருந்தது. அவர் பேர் கங்காணி. தன் கீழே எத்தனை பேர் வேலைக்கு நின்றார்களோ அதற்கேற்ப அவருக்குத் தலைக்காசு, அதனால் ஆள் ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்வதில் அவருக்கே லாபம், முன்பணக் கடன்தான் அதற்குக் கயிறு. 1938-இல் இந்தியா மலாயாவுக்குக் கூலியாட்கள் கிளம்புவதை நிறுத்திய பிறகு அந்தப் பிடி தளர்ந்தது. இதைப் படிக்கும்போது உங்கள் ஆலையைப் பாருங்கள். புது ஆளைக் கூட்டிவருபவருக்குக் கமிஷன் கொடுக்கிறீர்களா? கூட்டிவந்த மண்டோருக்கும் (மேற்பார்வையாளருக்கும்) அந்தப் பையனுக்கும் நடுவில் என்ன கொடுக்கல் வாங்கல்? நூறு வருடப் பழைய ஏற்பாடு புதுச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும் இடங்கள் நிறைய உண்டு.

அப்புறம் 1984-இல் அமெரிக்காவில் வந்த இரண்டு மாதிரிகளைச் சொல்வார்கள், ஒன்று மிச்சிகன், மற்றது ஹார்வர்ட். முதலாவதில் ஆள் என்பது நிறுவனத்தின் திட்டத்துக்கு ஏற்ப எடுத்து, அளந்து, பரிசு கொடுத்து, பயிற்சி கொடுத்துப் பயன்படுத்தும் ஒரு வளம், மற்றப் பொருள்களைப் போல. இரண்டாவது, தொழிலாளிக்கும் சங்கத்துக்கும் ஊருக்கும் அரசாங்கத்துக்கும் அந்த முடிவில் பங்கு உண்டு என்கிறது. வகுப்பில் இது வெறும் படம், அம்புக்குறி, பெட்டி. நம் ஊரில் இது அப்படி இல்லை. ஒரு பக்கம் செக்ரோல் (ஆள் வருகையும் கூலியும் எழுதும் பதிவேடு), இன்னொரு பக்கம் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் தோட்ட முதலாளிகள் சங்கமும் உட்கார்ந்து கையெழுத்துப் போடும் கூட்டு ஒப்பந்தம். எந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேனேஜர் உங்கள் பட்டியலைப் பார்த்தார் என்பது புரிந்தால் அடுத்த தடவை எப்படி எழுதுவது என்பதும் புரியும்.

ஆள் தேர்வு வகுப்புக்கு வருவோம். உங்கள் ஆலையில் நேர்காணல் எப்படி நடக்கிறது என்று நானே சொல்லிவிடுவேன்: எந்த ஊர், அப்பா என்ன வேலை, மோட்டார் இருக்கா, ராத்திரி ஷிப்டு முடியுமா, சரி திங்கட்கிழமை வா. இதற்குப் பேர் கட்டமைக்காத நேர்காணல். ஷ்மிட், ஹண்டர் என்ற இருவர் 85 வருட ஆய்வுகளைத் திரட்டி 1998-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். முழுப் பொருத்தம் 1 என்றால், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல் வேலைத் திறமையைக் கணிப்பதில் 0.51, மனம் போன போக்கில் பேசும் நேர்காணல் 0.38, எத்தனை வருட அனுபவம் என்று பார்ப்பது 0.18. இதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவர்கள் உண்டு. ஆனால் 2022-இல் வேறொரு குழு அதே கணக்கைத் திரும்பப் போட்டு, பழைய திருத்த முறை எண்களை ஊதிக் காட்டிவிட்டது என்று பலவற்றைக் குறைத்தது. கட்டமைத்த நேர்காணல் மட்டும் குறைந்தும் முதலிடத்தில் நின்றது. எண்ணைச் சொல்லத் தெரிவதோடு, அந்த எண் எங்கிருந்து வந்தது, எப்போது ஆட்டம் காணும் என்று கேட்கவும் தெரிய வேண்டும். நல்ல விரிவுரையாளர் கிடைத்தால் இதைத்தான் கற்றுக்கொள்வீர்கள். ஸ்லைடைப் பார்த்து வாசிக்கும் ஆள் கிடைத்தால், அது உங்கள் அதிர்ஷ்டக் குறைவு. எனக்கு இரண்டு வகையும் கிடைத்தார்கள்.

அதே வகுப்பில் வேலையை உள்ளபடி முன்கூட்டியே காட்டுவது பற்றி வரும். கொதிகலன் பக்கத்துச் சூட்டையும் ராத்திரி இரண்டு மணிக்கு அழுத்து இயந்திரம் போடும் சத்தத்தையும் கையெழுத்துப் போடும் முன்பே பையனுக்குக் காட்டிவிட்டால், பயந்து போகிறவன் மூன்றாம் மாதம் போவதற்குப் பதில் முதல் நாளே போவான். உங்களுக்கும் மிச்சம், அவனுக்கும் மிச்சம். இதைச் செய்ய மாஸ்டர்ஸ் தேவையில்லை, நாளைக்கே செய்யலாம்.

ஊக்கம் பற்றிய பாடத்தில் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் வருவார். சம்பளம், கழிப்பறை, மேற்பார்வை இவை மோசமாக இருந்தால் ஆள் எரிச்சலில் போவான், ஆனால் இவற்றைச் சரிசெய்தால் மட்டும் வேலையில் பிடிப்பு வந்துவிடாது, பிடிப்புக்கு வேலையிலேயே ஏதாவது இருக்க வேண்டும் என்பது அவர் 1959-இல் சொன்னது. அதை முழுசாக நம்பாதவர்களும் நிறைய. என்னைக் கேட்டால் நம் ஊர்ப் பையன்களுக்கு ஆடம்ஸ் என்ற இன்னொருவர் சொன்ன ஒப்பீடுதான் நெருக்கம்: ஒருவன் தனக்குக் கிடைப்பதை மட்டும் பார்ப்பதில்லை, தான் போடும் உழைப்புக்குக் கிடைப்பதையும் பக்கத்தில் இருப்பவன் உழைப்புக்குக் கிடைப்பதையும் தராசில் வைக்கிறான். உங்கள் பையனுக்குப் பக்கத்தில் இருப்பவன் யார்? ஆலையில் இருக்கும் மூத்தவரா? இல்லை, ஈப்போவில் மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் கூட்டாளி, ஜோகூரிலிருந்து தினம் பாலம் தாண்டி சிங்கப்பூர் போகும் மச்சான். அவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகிறான். அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லலாம், கணக்குத் தெரிந்தவன் என்றும் சொல்லலாம்.

சம்பள நிர்வாகம் என்ற பாடத்தைத் தவறவிடாதீர்கள், மாணவர்கள் அதிகம் பயப்படுவதும் அதுதான், ஏனென்றால் வேலைகளுக்குப் புள்ளி போட்டு, புள்ளிக்கு வெள்ளி போட்டு, வரைபடம் கீற வேண்டும். அங்கேதான் நான் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டேன். உங்கள் ஆலையையே வைத்துப் பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 வெள்ளி ஆனது, 2025 பிப்ரவரியில் ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் இடங்களுக்கு 1,700 ஆனது. உதாரணத்துக்குப் பத்து வருடம் நின்று 1,750 வாங்கிய மூத்தவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு அவருக்கும் நேற்று வந்தவனுக்கும் 250 வெள்ளி வித்தியாசம், இப்போது 50. சட்டத்தின் மேல் தப்பில்லை, கீழே இருப்பவனுக்குச் சம்பளம் கூடத்தான் வேண்டும். ஆனால் கம்பெனி மேலே இருந்தவர்களைத் தொடவில்லை என்றால் அந்தப் பத்து வருடத்தின் விலை 50 வெள்ளி என்று அவரிடம் சொன்ன மாதிரி ஆகிறது. அந்த மூத்தவர்தான் புதுப் பையனுக்கு வேலை பழக்குபவர். அவர் என்ன முகத்தோடு பழக்குவார்? பையன் ஓடிப்போனதற்குக் காரணம் பையனிடமே இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? போனவர்களை மட்டும் கேட்டீர்கள், நின்றவர்களைக் கேட்கவில்லை. உங்கள் பட்டியலில் இருந்த ஓட்டை அதுதான்.

பயிற்சி, செயல்திறன் மதிப்பீடு, பன்னாட்டு மனிதவளம் இவற்றுக்கும் தனித்தனிப் பாடங்கள் உண்டு. பயிற்சியில் கிர்க்பேட்ரிக்கின் நாலு படிகளைச் சொல்வார்கள்: பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்கிறாரா, கம்பெனிக்குப் பலன் உண்டா. நம் ஆட்கள் பெரும்பாலும் முதல் படியோடு, அதாவது நாசி லெமாக் நன்றாக இருந்ததா என்ற கேள்வியோடு நிறுத்திவிடுவார்கள்.

சட்டத்துக்கு வருகிறேன், இது கொஞ்சம் நீளும். 1955 வேலைச் சட்டம், 1967 தொழிலியல் உறவுச் சட்டம், 1959 தொழிற்சங்கச் சட்டம், 1994 வேலையிடப் பாதுகாப்புச் சட்டம், இவைதான் நாலு தூண்கள். தோட்டப் பக்கம் இருப்பவர்களுக்குத் தொழிலாளர் குடியிருப்புக்கான 1990 சட்டமும் சேர வேண்டும். 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டத்தில் வார வேலை 48 மணியிலிருந்து 45 ஆனதும், பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 ஆனதும், மணமான அப்பாவுக்கு 7 நாள் வந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், மாற்றிக் கணக்குப் போட்டவரே நீங்கள்தான். ஆனால் சட்டத்தைத் தெரிந்து வைத்திருப்பது வேறு, அது நீதிமன்றத்தில் எப்படி நடக்கிறது என்று தெரிவது வேறு.

என் கதையைச் சொல்கிறேன். படிப்பதற்கு முன்னால், ஒரு தொழிற்சாலையில் இருந்தேன், எது என்று சொல்லப் போவதில்லை. ஸ்டோரில் சாமான் காணாமல் போனது, ஒருவரை உள்விசாரணைக்கு நிறுத்தினோம். புகார் கொடுத்த அதிகாரியே விசாரணைக் குழுவிலும் உட்கார்ந்தார், எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை, அவருக்குத்தானே விஷயம் நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். குறிப்பு எழுதியவள் நான், அதில் கேள்விகள் இருந்தன, பதில்கள் பாதி இருந்தன. அவரை வேலையிலிருந்து நீக்கினோம். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனுக் கொடுக்கலாம் என்பது சட்டம், அவர் கொடுத்தார். சமரசம் நடக்கவில்லை, தொழிலியல் நீதிமன்றம் போனது, தோற்றோம். பின்சம்பளமும், திரும்ப வேலையில் சேர்ப்பதற்குப் பதில் வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளமும் என்று காசு கொடுத்தார்கள். விசாரணைக் குழுவில் ஆளை மாற்றி உட்கார வைத்திருந்தால் ஜெயித்திருப்போம் என்றே பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். மாஸ்டர்ஸ் வகுப்பில்தான் தெரிந்தது, உள்விசாரணை கோணலாக நடந்தது மட்டும் வழக்கைக் கவிழ்க்காது, நீதிமன்றம் சாட்சிகளைப் புதிதாகவே விசாரிக்கும். எங்களைக் கவிழ்த்தது வேறு. நேரில் பார்த்த ஒரே சாட்சி பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டான், அவன் சொன்னதை நான் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை, நிரூபிக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. அந்த ஆள் எடுத்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் ஒருவர் சோற்றில் கை வைத்தோம். அந்த வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்த ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. கார்டில் எக்ஸெகியூட்டிவ் என்று போட்டுவிட்டார்கள் அல்லவா, இனி இப்படிப்பட்ட குறிப்புகளை எழுதப்போவது நீங்கள்தான்.

கடைசியாக ஆய்வு முறை. எல்லோரும் அழும் பாடம். ஒருவரும் விளம்பரத்தில் போடாத பாடமும் இதுதான். கேள்வித்தாள் எப்படி அமைப்பது, எத்தனை பேரைக் கேட்டால் போதும், எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் எண்களைப் போட்டு எப்படிப் பார்ப்பது, இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடந்தால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று ஏன் சொல்லக்கூடாது, இதெல்லாம். ஆள் கம்பெனியை விட்டுப் போவதில்லை, மேலாளரை விட்டுத்தான் போகிறான் என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறதே, அதை என் முதல் கட்டுரையில் எழுதினேன், ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வி வந்தது: ‘எப்படித் தெரியும்?’ அன்றைக்குக் கோபம். இப்போது யார் எனக்கு அறிக்கை கொடுத்தாலும் நான் ஓரத்தில் எழுதுவது அதே இரண்டு வார்த்தைதான்.

உங்கள் மேசையில் எட்டு வருட வருகைப் பதிவு கிடக்கிறது, தங்கச்சி. மாஸ்டர்ஸ் மாணவர்கள் பலர் தரவு கிடைக்காமல் தெரிந்தவர்களுக்கெல்லாம் கேள்வித்தாள் லிங்க் அனுப்பிக் கெஞ்சுவார்கள், நீங்கள் அதன் மேல் காபி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். போன பையன்கள் எந்த வாரம் போனார்கள்? முதல் சம்பளம் கைக்கு வந்த மறுநாளா, தகுதிகாண் காலம் முடியும் சமயமா? எந்த ஷிப்டு, யார் கீழே? செம்பனைக் குலை அதிகம் வரும் மாதங்களிலா? அறுத்த குலையைச் சீக்கிரம் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்று அந்த மாதங்களில் ஓவர்டைம் நீளும், சட்டம் மாதம் 104 மணிக்கு மேல் கூடாது என்கிறது, போன பையன்களின் கடைசி மாத மணிக்கணக்கு எவ்வளவு? ‘சோம்பேறி’ என்பதும் ஒரு கருத்துதான், அதையும் சோதித்துப் பார்க்கலாம். சோம்பேறி என்றால் எல்லா மாதமும் ஒரே மாதிரி போக வேண்டும், எல்லா மண்டோரிடமிருந்தும் போக வேண்டும். ஒரே மண்டோரிடமிருந்து மட்டும் போகிறார்கள் என்றால் மேனேஜர் அந்த வரியைத் திரும்பச் சொல்ல முடியாது. சொன்னாலும் உங்களிடம் பதில் இருக்கும்.

இனி, அங்கே சொல்லித்தராதவை. மேனேஜர் தப்பான உத்தரவு போட்டால் முடியாது என்று எப்படிச் சொல்வது என்று சொல்லித்தர மாட்டார்கள். நிறுவன நடத்தைப் பாடத்தில் அதிகாரம் பற்றி ஒரு அத்தியாயம் உண்டு, படிக்க நன்றாக இருக்கும், துரை முன்னால் நிற்கும்போது ஞாபகம் வராது. இருபது வருடம் உழைத்தவரைக் கூப்பிட்டு உங்கள் வேலை இந்த மாதத்தோடு முடிகிறது என்று சொல்வதற்கும் பாடம் இல்லை. பணிநீக்க ஈட்டுத்தொகை இரண்டு வருடத்துக்குள் என்றால் வருடத்துக்கு 10 நாள், ஐந்து வருடத்துக்குள் 15 நாள், அதற்கு மேல் 20 நாள் சம்பளம் என்று மட்டும் சொல்வார்கள். அந்த மனிதர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுந்திருக்காமல் இருக்கும்போது என்ன செய்வது என்று சொல்ல மாட்டார்கள். வங்காளதேசத்துத் தம்பியிடமும் நேப்பாளத்து அண்ணனிடமும் கையாலும் உடைந்த மலாயாலும் பேசும் உங்கள் திறமைக்கும் அங்கே கிரெடிட் கிடையாது.

காசு விஷயம். மாஸ்டர்ஸ் முடித்த உடனே சம்பளம் ஏறும் என்று யாராவது சொன்னால் அவர் மாணவர் சேர்க்கை அலுவலகத்தில் வேலை பார்ப்பவராக இருக்கலாம். உங்கள் ஆலை உங்களுக்கு 200 வெள்ளிக்கு ஒரு பட்டம் கொடுத்த ஆலை, இன்னொரு பட்டத்துக்கு அவர்கள் அதிகம் கொடுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள் என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். இரண்டு மூன்று வருடத்தில் ஈப்போ பக்கமோ பினாங்கு பக்கமோ பெரிய இடத்துக்குப் போகவோ, தோட்ட நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு ஏறவோ மனம் இருக்கிறதா, அப்போது அந்தப் படிப்பு கதவைத் திறக்கும். முடிவு எடுக்கும் மேசையில் உட்காரத்தான் அது பழக்குகிறது, முடிவை நிறைவேற்றும் மேசைக்கு அது அதிகம்.

சேருவது என்று முடிவெடுத்தால், அந்தப் படிப்பு மலேசியத் தகுதிப் பதிவேட்டில் (அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியலில்) இருக்கிறதா என்று முதலில் நீங்களே தேடிப் பாருங்கள், முகவர் சொல்வதை நம்பாதீர்கள். பெரும்பாலும் சுமார் 40 கிரெடிட், பகுதிநேரம் என்றால் இரண்டு வருடம், வேலையோடு படிப்பவர்களுக்குச் சில சமயம் மூன்று. முழுக்கப் பாடமாக நடத்துவதும் உண்டு, பாடமும் ஆய்வும் கலந்ததும் உண்டு, முழு ஆய்வும் உண்டு. உங்களுக்குக் கலப்பு வகைதான் பொருத்தம், இல்லையென்றால் அந்த எட்டு வருடப் பதிவு வீணாகும். அரசுப் பல்கலைக்கழகங்களில் கெடா சிந்தோக்கில் இருக்கும் வட மலேசியப் பல்கலைக்கழகம் இந்தத் துறைக்குத் தனியாகவே மாஸ்டர்ஸ் வைத்திருக்கிறது. ஆனால் சுங்கை சிப்புட்டிலிருந்து வாராவாரம் சிந்தோக் என்பது விளையாட்டல்ல, வார இறுதி வகுப்பும் இணைய வகுப்பும் எங்கே நடக்கிறது என்று கேட்டுவிட்டுப் பாரம் நிரப்புங்கள். கட்டணம் கேட்கும்போது மொத்தத் தொகை கேளுங்கள், ஒவ்வொரு பருவமும் தனியாகப் பிடுங்கும் பதிவுக் கட்டணம், ஆய்வேட்டை ஒரு பருவம் தள்ளிப்போட்டால் எவ்வளவு, எல்லாம் சேர்த்து. வருமான வரி கட்டுபவராக இருந்தால் மாஸ்டர்ஸ் கட்டணத்துக்கு வருடம் 7,000 வெள்ளி வரை கழிவு உண்டு. இபிஎஃப்-இன் செஜாத்ரா கணக்கிலிருந்து படிப்புக்கு எடுக்கலாம். எடுக்கலாம் என்றுதான் சொல்கிறேன், எடுங்கள் என்று சொல்லவில்லை. நான் எடுக்கவில்லை, கூட்டுச்சீட்டுப் பிடித்துக் கட்டினேன்.

அதற்கும் முன்னால் காசில்லாத ஒரு சோதனை. தொழிலியல் நீதிமன்றத்தின் தீர்ப்புகள் அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. பத்துத் தீர்ப்பை எடுத்து, ஒரு மாதத்தில், வேலை முடிந்து வந்து படியுங்கள். யார் என்ன சொன்னார், கம்பெனி எதை நிரூபிக்கத் தவறியது, நீதிமன்றம் எதை நம்பியது என்று ஓரத்தில் எழுதுங்கள். மூன்றாவதிலேயே கொட்டாவி வந்தால் இந்தப் படிப்பு வேண்டாம் தங்கச்சி, பணத்தை மிச்சம் பிடியுங்கள். பத்தும் முடித்துப் பதினொன்றாவதைத் தேடினால் அப்பாவிடம் போய்ப் பேசுங்கள்.

அப்பாவிடம் பேசும்போது அனுமதி மட்டும் கேட்காதீர்கள். அவர் காலத்தில் எந்த மண்டோர் கீழே ஆள் நின்றது, யார் கீழே நிற்கவில்லை, ஒரே கூலிக்கு ஏன் சிலர் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொல்கிற மாதிரியே எழுதி வையுங்கள், தேதி போட்டு. என்னை மாதிரி பாதிப் பதிலோடு விட்டுவிடாதீர்கள்.